ஆப்பியாவும் பாங்கோ பாங்கோவும்

ஸாமர்ஸெட் மாம் எழுதிய 'மழை' என்ற கதையைப் படித்தவர்கள் அதில் வரும் பாதிரியாரையும், அவர் திருத்தப் புறப்பட்ட அந்தப் பெண்ணையும் மறக்க மாட்டார்கள். ஆனால் அந்த இருவரையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து சேர்த்தது எது என்று கேட்டால், அநேகம் பேர் சற்று யோசிப்பார்கள். ஒரு சுகாதார உத்தரவுதான் சேர்த்தது. பசிபிக் சமுத்திரத்தில் ஸமோவாத் தீவுகளைச் சேர்ந்த பாகோ பாகோ துறைமுகத்தில் இறங்கி, வேறு கப்பல் ஏறி, ஆப்பியா என்ற ஊருக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள். போகிற கப்பலில் மாலுமி ஒருவனுக்குத் தட்டம்மை கண்டுவிடுகிறது. வேறு யாருக்கும் தொற்றவில்லை என்று நிச்சயமாகும் வரையில் அந்தக் கப்பலை உள்ளே விட மாட்டோம் என்று ஆப்பியாவிலிருந்து தந்தி வருகிறது. பிரயாணிகள் ஒரு வியாபாரியின் வீட்டு மாடியில் அடைந்து கிடக்கிறார்கள். வெளியே மழை கொட்டுகிறது. அதற்குள் நடக்கக் கூடாததெல்லாம் நடந்துவிடுகிறது.

மாம் அந்த வழியாகப் பிரயாணம் செய்தது 1916 டிசம்பரில். கதை அச்சில் வந்தது 1921ல். இந்த இரண்டு வருஷங்களுக்கு நடுவே, அதே இரண்டு துறைமுகங்களில், கதையில் வந்த உத்தரவு நிஜ வாழ்க்கையிலும் வந்தது. கதையில் வெளியூர்க் கப்பலுக்குக் கதவைச் சாத்துவது ஆப்பியா. 1918ல் நடந்ததோ இதற்கு நேர் எதிரிடை. கதவைச் சாத்தியது பாகோ பாகோ. ஆப்பியா திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்படித் திறந்து வைத்ததற்கு அது கொடுத்த விலை சுமார் 8,500 உயிர்கள்.

ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எழுதும்போது பாகோ பாகோ என்றுதான் எழுதுகிறார்கள். ஸமோவாக்காரர்கள் சொல்வது பாங்கோ பாங்கோ. அவர்கள் பாஷையை எழுத்தில் ஏற்றிய பாதிரிமார் 'ங்' என்ற ஓசைக்கு ஒரே ஓர் ஆங்கில எழுத்தைப் போட்டு முடித்துவிட்டார்கள். இனி நாமும் ஊராரைப் போலவே சொல்லிக்கொண்டு போவோம்.

ஸமோவா ஒரே ஜனங்களின் நாடு. ஒரே பாஷை, ஒரே பழக்கவழக்கம். குடும்பத் தலைவனுக்கு 'மதாய்' என்று பெயர்; அவன் சொல் எல்லாத் தீவிலும் ஒரே மாதிரிதான் செல்லும். ஆனால் 1899ல் ஐரோப்பிய வல்லரசுகளும் அமெரிக்காவும் உட்கார்ந்து பேசி, படத்தின் மேல் ஒரு கோட்டைக் கிழித்தார்கள். மேற்கே உள்ள பெரிய தீவுகளான உப்போலுவும் ஸவாயியும் ஜெர்மனிக்குப் போயின. கிழக்கே இருந்த சின்னத் தீவான டுடுவிலா அமெரிக்கக் கடற்படைக்குப் போயிற்று. பாங்கோ பாங்கோவின் ஆழமான துறைமுகத்தின் மேல் அமெரிக்கர்களுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். 1914ல் உலக யுத்தம் தொடங்கிய மாதமே நியூஸீலாந்துப் பட்டாளம் வந்து இறங்கி, ஒரு துப்பாக்கிச் சத்தமும் இல்லாமல் ஜெர்மானியரின் பங்கை எடுத்துக்கொண்டது. பட்டாளத்தின் தலைவர் ராபர்ட் லோகன் என்ற கர்னல் நிர்வாகியாக அமர்ந்தார். 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்ஸன் தம் கடைசிக் காலத்தில் உப்போலுவில் கட்டிக்கொண்டு வாழ்ந்து, 1894ல் கண்ணை மூடிய வைலிமா மாளிகைதான் இந்த நிர்வாகிகளின் வாசஸ்தலம். டுடுவிலாவில் 1915 முதல் ஜான் பாயர் என்ற கடற்படை அதிகாரி கவர்னர். ஏற்கெனவே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, மறுபடி அழைக்கப்பட்டவர் அவர்.

இரண்டு தீவுகளுக்கும் இடையே உள்ள கடல் சுமார் 40 மைல். அந்தக் கரையில் பெண் எடுத்தவர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள். இங்கே சாவு என்றால் அங்கிருந்து பாயும் பன்றியும் சீராக ஏற்றிக்கொண்டு படகுகள் வரும். வல்லரசுகள் கிழித்த கோடு அந்தப் படகுகளை நிறுத்தவில்லை.

1918 அக்டோபர் 30ந் தேதி, 'டலூன்' என்ற நீராவிக் கப்பல் நியூஸீலாந்தின் ஆக்லந்து துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. பிஜி, ஸமோவா, டோங்கா என்று தீவு தீவாகப் போய் வரும் கப்பல் அது. ஆக்லந்தில் அப்போது இன்புளுயென்ஸா ஜுரம் வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த இரண்டு மாதங்களில் நியூஸீலாந்தில் சுமார் 9,000 பேர் அதற்குப் பலியானார்கள். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? கப்பலை நிறுத்தி வைக்க வேண்டிய வியாதிகளின் ஜாபிதாவில் பிளேக் இருந்தது, காலரா இருந்தது, பெரியம்மை இருந்தது. ஜலதோஷத்துக்குத் தமக்கையான இன்புளுயென்ஸா அன்று வரை இடம் பெறவில்லை. ஆகவே டலூனுக்குச் சுத்தமான சுகாதாரச் சீட்டுக் கிடைத்தது. ஆக்லந்தில் நடப்பது இன்னது என்று தீவுகளுக்கு ஒரு வரி தந்தியும் போகவில்லை.

பிஜித் தீவின் தலைநகரான ஸுவாவில் மட்டும் கொஞ்சம் விழித்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1875ல் பிஜியின் அரசர் தாக்கொம்பாவும் அவருடைய பரிவாரமும் ஸிட்னி நகரத்துக்கு விருந்தாளிகளாகப் போய்விட்டு, ஒரு போர்க்கப்பலில் திரும்பி வந்தபோது தட்டம்மையும் கூட வந்தது. கப்பலை யாரும் தடுக்கவில்லை. வரவேற்க வந்த தலைவர்கள் அவரவர் கிராமத்துக்கு நோயைக் கொண்டு போனார்கள். சுமார் 40,000 பேர் மாண்டார்கள். முன்பின் அந்த நோயையே காணாத தீவுக்காரர்களின் உடம்பில் அதை எதிர்க்கும் பலம் கிடையாது. தாத்தாவும் பேரனும் ஒரே நாளில் படுத்துவிடுவார்கள். அந்தப் பாடத்துக்குப் பிறகு பிஜிக்காரர்கள் உஷாரானார்கள். 1879ல் கல்கத்தாவிலிருந்து முதல்முதலாக நம் நாட்டுக் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றி வந்த 'லியோனிடாஸ்' கப்பலில் காலராவும் பெரியம்மையும் இருந்ததால், அவர்களைப் பல வாரங்கள் ஊருக்கு அப்பால் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கரைக்கு விட்டார்கள்.

ஆகவே 1918 நவம்பரில் டலூன் வந்தபோதும் மேலே போகிற பிரயாணிகளை ஸுவாவில் இறங்க விடவில்லை. ஆனால் கப்பல் வேலைக்கு உள்ளூர் ஆட்கள் ஏறினார்கள். வாசல் கதவைத் தாழிட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். பிஜியின் ஜனத்தொகையில் நூற்றுக்கு ஐந்து பேர் அந்த ஜுரத்தில் போனார்கள். அவர்களில் தோட்டக் கூலிகளாகப் போன நம்மவர்களும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்களும் உண்டு.

நவம்பர் 7ந் தேதி காலையில் டலூன் ஆப்பியாவுக்கு வந்தது.

இந்த ஒரு காலைப் பொழுதைப் பற்றிப் பிற்பாடு விசாரணைக் கமிஷனே உட்கார்ந்தது. கப்பலில் இருமிக்கொண்டும் ஜுரத்தோடும் பலர் இருந்தார்கள். துறைமுக வைத்தியர் கப்பலில் ஏறிப் பார்த்தார். ஸுவாவில் பிரயாணிகளை இறங்க விடவில்லை என்ற சமாசாரத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் துருவிக் கேட்கவில்லை. கரை இறங்கலாம் என்று அனுமதி கொடுத்தார். பல நாள் பிரிந்திருந்த சொந்தக்காரர்கள் துறையில் காத்திருந்தார்கள். மூக்கும் மூக்கும் உரச முகமன் செய்துகொண்டார்கள். கிராமத்துக்குப் போகிறவர்கள் படகேறினார்கள். எல்லாம் ஒரு மத்தியானத்துக்குள் முடிந்த காரியம்.

ஒரு வாரத்துக்குள் உப்போலு முழுவதும் படுத்துவிட்டது. அப்புறம் ஸவாயி. அந்த வருஷத்து இன்புளுயென்ஸாவின் ஒரு கொடுமை, அது கிழவர்களையும் குழந்தைகளையும் விட இளவயதுக்காரர்களை அதிகமாகத் தேடிப் பிடித்தது. மேற்கு ஸமோவாவில் வயது வந்த ஆண்களில் நூற்றுக்கு 30 பேர் இறந்தார்கள்; பெண்களில் 22 பேர்; குழந்தைகளில் 10 பேர். சுமார் 38,000 ஜனங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இரண்டே மாதத்தில் போய்விட்டது. ஸமோவா வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தூண்களும் கூரையுந்தான். தெருவில் போகிறவன் எட்டிப் பார்த்தால், உள்ளே வரிசையாகப் பாயில் படுத்திருப்பவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. தோட்டத்தில் சேப்பங்கிழங்கு இருந்தது; பிடுங்கி வர ஆள் இல்லை. கிழங்கு இருந்தால் அடுப்பு மூட்ட ஆள் இல்லை. ஜுரத்தில் பிழைத்தவர்களில் சிலர் பட்டினியால் செத்தார்கள். ஆப்பியாவுக்குப் பக்கத்தில் வைமோஸோ என்ற ஊரில் பெரிய பள்ளம் வெட்டி, லாரியில் கொண்டு வந்த பிணங்களைப் பாயில் சுற்றி அடுக்கினார்கள். சாவுக்குச் சாவு நாள் கணக்கில் சடங்கு நடத்தும் ஜனங்கள், பெயர் சொல்லி அழக்கூட நேரமில்லாமல் மண்ணைத் தள்ளினார்கள்.

டலூன் அங்கிருந்து டோங்காவுக்குப் போயிற்று. அந்த வருஷந்தான் பட்டத்துக்கு வந்திருந்த இளம் அரசி ஸலோட்டேயின் மாற்றாந்தாய் முதல் எத்தனையோ பேர் அங்கே மாண்டார்கள். கப்பலைப் பற்றி இனி நமக்குக் கவலையில்லை. 1925ல் அதில் கல்லை நிரப்பி, நியூஸீலாந்தில் ஒரு சின்னத் துறைமுகத்தில் அலைதடுப்பாக மூழ்க வைத்துவிட்டார்கள்.

இப்போது 40 மைல் கடலைத் தாண்டி டுடுவிலாவுக்கு வருவோம்.

கவர்னர் பாயர் வைத்தியரல்ல, விஞ்ஞானியுமல்ல. அவரிடம் இருந்தது ஒரு கம்பியில்லாத் தந்தி நிலையமும், அதில் தினம் வரும் உலகச் செய்திகளை உட்கார்ந்து படிக்கும் பழக்கமுந்தான். ஆப்பியாவிலும் ஜெர்மானியர் கட்டிவிட்டுப் போன தந்தி நிலையம் இருந்தது. அதே ஆகாயத்திலிருந்து அதே செய்திகளைப் பிடிக்கக்கூடியதுதான். பாயர் படித்த செய்திகளிலிருந்து, எங்கோ ஒரு வியாதி கிளம்பி ஊர் ஊராக வருகிறது என்று கணக்குப் போட்டார். பாங்கோ பாங்கோவுக்கு வரும் கப்பல்களை எட்ட நிறுத்தினார். வந்தவர்களை உடனே இறக்காமல் காக்க வைத்துப் பார்த்தார். ஆப்பியாவில் சாவு விழுகிறது என்று தெரிந்ததும், மேற்கேயிருந்து எந்தப் படகும் எந்தக் கரையிலும் ஒதுங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

காத்திருக்கச் சொல்வது ஒன்றும் புது யோசனை அல்ல. ஏட்ரியாட்டிக் கடலோரத்து ராகுஸா நகரம் 1377லேயே, கொள்ளைநோய் உள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்கள் முதலில் பக்கத்துத் தீவில் ஒரு மாதம் இருந்துவிட்டு வரட்டும் என்று சட்டம் செய்தது. பிற்பாடு ஒரு மாதம் 40 நாளாயிற்று. இத்தாலிய பாஷையில் நாற்பதுக்கு உள்ள சொல்லிலிருந்துதான் 'குவாரண்டைன்' என்ற பெயரே வந்தது. நிலத்தில் இருப்பவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள நோயாளிகளைத் தீவுக்கு அனுப்பிய ஏற்பாடு அது. தீவே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றால் அந்தக் காரியம் இன்னும் சிரமம். துறைமுகம் ஒன்றுதான்; கரையோ சுற்றிச் சுற்றி எங்கும் இருக்கிறது. டுடுவிலாவில் பெரிய கப்பல்களைத் தடுப்பது கடற்படைக்கு ஒரு வேலையே அல்ல. ஆனால் ராத்திரியில் துடுப்புப் போட்டுக்கொண்டு வரும் ஒரு சிறு படகை யார் தடுப்பது? எந்தக் குடாவில் எந்தக் கிராமத்தில் ஒதுங்கும் என்று யார் கண்டார்கள்?

பாயர் கிராமத்துத் தலைவர்களைக் கேட்டுக்கொண்டார். அவர்கள் தங்கள் ஆட்களைக் கரையோரம் காவல் வைத்தார்கள். படகு கண்ணில் பட்டால் திருப்பி அனுப்ப வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். சரித்திரப் புத்தகங்கள் பாயரின் முன்யோசனையைப் பாராட்டிவிட்டு மேலே போய்விடுகின்றன. அவருக்குக் கடற்படையின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான 'நேவி கிராஸ்' கொடுக்கப்பட்டது; கொடுக்க வேண்டியதுதான். ஆனால் என் மனசு அந்தக் கரையோரக் காவல்காரனிடந்தான் போகிறது. மேற்கேயிருந்து வரும் படகில் இருப்பவன் அவனுக்கு அந்நியன் அல்ல. தமக்கை புருஷனாக இருக்கலாம், தாய்மாமனாக இருக்கலாம். அவன் ஏன் ஓடி வருகிறான் என்பதும் இவனுக்குத் தெரியும். அவனுடைய வீட்டில் பிணம் கிடக்கிறது. விருந்தாளி வாசலில் வந்து நின்றால் முதலில் ஆவா பானம் கரைத்துக் கொடுக்க வேண்டும், பிறகுதான் பேச்சு என்பது அந்த ஜனங்களின் தர்மம். அந்தத் தர்மத்தில் வளர்ந்தவன், சொந்தத் தாய்மாமனைப் பார்த்து, தண்ணீரிலேயே திரும்பிப் போ என்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரக் கவர்னர் ஒருவர் காகிதத்தில் எழுதிவிட்டதால் மட்டும் இது நடந்துவிடுமா? கிராமத்து மதாய்கள் உட்கார்ந்து பேசி, இதுதான் சரி என்று ஒப்புக்கொண்டதனால்தான் நடந்தது என்பது என் அபிப்பிராயம். எதிரியைத் தடுக்கக் கோட்டை கட்டியவர்களைப் பற்றி நிறையக் காவியங்கள் இருக்கின்றன. உறவினனைத் தடுத்தவர்களைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றுவதில்லை.

அமெரிக்க ஸமோவாவில் அப்போது சுமார் 8,000 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த இன்புளுயென்ஸாவினால் இறக்கவில்லை. கட்டுக்காவல் ஏதோ சில வாரங்களில் முடிந்ததும் அல்ல. பாயர் வேலையை விட்டுப் போன பிறகும், அவருக்கு அடுத்து வந்தவர் 1920ன் நடுப்பகுதி வரையில் அதை விடாமல் நடத்தினார். அவ்வளவு காலமும் கரையோரத்தில் காவல் வேண்டியிருந்தது.

ஆப்பியாவில் லோகன் செய்தது விசித்திரம். அங்கே ஜனங்கள் கொத்துக் கொத்தாய்ச் சாகும்போது, பாயர் அமெரிக்கக் கான்ஸல் மூலமாக, ஏதாவது உதவி வேண்டுமா என்று தந்தி அடித்தார். லோகன் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு ஆப்பியாவிலிருந்து தபால் கொண்டு போன படகை, மற்றப் படகுகளைப் போலவே பாங்கோ பாங்கோவில் எட்ட நிறுத்தினார்கள். என் தபாலையா தடுக்கிறாய் என்று லோகனுக்குக் கோபம் வந்துவிட்டது. பாங்கோ பாங்கோவோடு தந்தித் தொடர்பையே துண்டித்துவிட்டார். ஊரெல்லாம் எரிகிறபோது, தண்ணீர்க் குடத்தோடு வருகிறவன் முறையாக வணக்கம் சொல்லவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது போல இருந்தது. நான்கு வருஷம் அந்த ஊரை ஆண்டவர், ராணுவத்தில் பேர் வாங்கியவர். கெட்ட எண்ணம் படைத்தவர் என்று அவரைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. கௌரவம் என்ற ஒன்று மூளைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் மனிதன் என்ன செய்வான் என்று சொல்ல முடியாது. டிசம்பர் மாத ஆரம்பத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு போர்க்கப்பல் வைத்தியர்களையும் மருந்துகளையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. அதற்குள் புதைக்க வேண்டியவர்களில் பெரும்பாலோரைப் புதைத்தாகிவிட்டது.

1919ல் நியூஸீலாந்து சர்க்கார் நியமித்த கமிஷன், நிர்வாகத்தில் அலட்சியமும் தவறான முடிவுகளும் இருந்தன என்று எழுதிக் கொடுத்தது. லோகன் அந்த வருஷ ஆரம்பத்திலேயே ஸமோவாவை விட்டுப் போயிருந்தார். ஆனால் தந்தையும் தாயும் மதாயும் ஒரே மாதத்தில் போன குடும்பங்களுக்குக் கமிஷன் அறிக்கை எந்த மூலைக்கு? ஐந்து மைல் அகலக் கடலா, ஐம்பது மைல் அகலக் கடலா என்பதல்ல, யார் ஆண்டார்கள் என்பதுதான் தங்கள் தலையெழுத்தைத் தீர்மானித்தது என்று அந்த ஜனங்கள் கண்டுகொண்டார்கள். எதிர்க்கரையில் ஒருவரும் சாகவில்லை என்பது கண் முன்னால் நின்ற சாட்சி. 1920களில் 'மாவ்' என்ற சுதந்திர இயக்கம் கிளம்பியபோது அதன் தலைவர்களில் ஒருவரான ஓலாப் நெல்ஸன், கொள்ளைநோயில் தாயையும் உடன்பிறந்தாரையும் பறிகொடுத்தவர். 1929 டிசம்பர் 28ந் தேதி ஆப்பியாத் தெருவில் ஊர்வலம் போனவர்கள் மேல் நியூஸீலாந்துப் போலீஸார் சுட்டதில் பெருந்தலைவர் துப்புவா தமசேசே வீழ்ந்தார். 1962 ஜனவரி 1ந் தேதி மேற்கு ஸமோவா சுதந்திரம் பெற்றது. டலூன் வந்து 84 வருஷம் கழித்து, 2002ல், நியூஸீலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் ஆப்பியாவுக்கு வந்து இரண்டுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார்.

இதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. 2019ல் மறுபடியும் ஆக்லந்தில் தட்டம்மை பரவியது. அங்கிருந்து பிரயாணிகளோடு ஸமோவாவுக்கும் வந்தது. அதற்கு முந்திய வருஷம் தடுப்பூசி மருந்தைத் தப்பாகக் கலந்து போட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்திருந்தன. பயந்துபோன தாய்மார் ஊசி என்றாலே ஒதுங்கியிருந்த சமயம். 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். டிசம்பரில் இரண்டு நாள் தேசம் முழுவதும் கடை கண்ணி மூடி, ஊசி போட வேண்டியவர்கள் உள்ள வீடுகளின் வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடு வீடாகப் போய் ஊசி போட்டார்கள்.

அந்தச் சிவப்புத் துணிகளை அவிழ்த்து இரண்டு மாதம் ஆவதற்குள் கோவிட் செய்தி வந்தது. இந்தத் தடவை ஆப்பியா யாருடைய தந்திக்காகவும் காத்திருக்கவில்லை. 2020 பிப்ரவரியிலேயே, நோய் உள்ள நாடுகளிலிருந்து வருகிறவர்கள் நோயில்லாத வேறு நாட்டில் 14 நாள் தங்கி, வைத்தியர் சீட்டோடு வந்தால்தான் அனுமதி என்று விதித்தார்கள். மார்ச்சில் கதவையே சாத்திவிட்டார்கள். பாங்கோ பாங்கோவும் சாத்தியது. உல்லாசப் பிரயாணிகளின் சங்கதி கிடக்கட்டும். ஹோட்டல்காரர்களும் டாக்ஸிக்காரர்களும் பட்ட கஷ்டத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். சிகிச்சைக்காக ஹவாய்க்குப் போன அமெரிக்க ஸமோவாக்காரர்கள் ஏறக்குறைய ஒரு வருஷம் ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கினார்கள். நியூஸீலாந்தில் பழம் பறிக்கப் போன மேற்கு ஸமோவா ஆட்கள், சர்க்கார் எப்போதாவது ஏற்பாடு செய்யும் விமானத்தில் இடத்துக்குக் காத்திருந்தார்கள்; வந்து இறங்கிய பிறகும் வாரக்கணக்கில் ஒரு ஹோட்டல் அறையில் அடைபட்டிருந்துவிட்டுத்தான் வீட்டைப் பார்த்தார்கள். பெற்றோரின் சவ அடக்கத்துக்கு வர முடியாதவர்கள் இரண்டு பக்கத்திலும் உண்டு. 2022ன் தொடக்கத்தில், கதவின் இடுக்கு வழியாக நோய் உள்ளே புகுந்தபோது, ஜனங்களில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஸமோவாக்களிலும் அந்த நோயில் இறந்தவர்களைக் கூட்டினாலும் நூற்றுக்குள் அடங்கிவிடும்.

2022 ஆகஸ்டில் ஆப்பியா தன் கதவை வெளி உலகத்துக்குத் திறந்தது. 2020 மார்ச்சிலிருந்து அது வரையில், உப்போலுவுக்கும் டுடுவிலாவுக்கும் நடுவே அந்த 40 மைல் கடலில் சாதாரணப் பிரயாணிகளின் போக்குவரத்து நடக்கவில்லை.